ரெஜினா அக்கா போர்டிகோவில் போட்ட சண்டைகள்

செய்தி வந்த காலையில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் கணவர், ரெஜினா அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் சீனிவாசன் சார், அப்புறம் அபி. அபி என்பது அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் இல்லை. வழக்கு நடக்கிறது, அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, அதனால் மாற்றி எழுதுகிறேன். சாமி அலமாரியில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன், போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து அக்காவின் தங்கை மேரி. "கோமதி, அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். சீனிவாசன் சார் கையிலிருந்த டம்ளரை டீப்பாயின் விளிம்பில் வைத்தார். அது கவிழ்ந்து காபி தரையெல்லாம் ஓடியது. யாரும் துடைக்கவில்லை. அபி எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தையும் மீறி அவள் அழுதது எங்களுக்குக் கேட்டது.

வீட்டுக் கணக்கை அன்றன்றே எழுதி முடிக்கிற பழக்கம் எனக்கு. மறுநாளைக்கு என்று விட்டால் மனசு எதையாவது கூட்டும், எதையாவது விட்டுவிடும். இதையும் அப்படித்தான், அடக்கம் முடிந்த வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதச் சொன்னவர் அக்காவின் நாவல்களை வெளியிடும் பதிப்பகத்துத் தம்பி. எழுதச் சொன்னபோதே ஒரு கேள்வியும் கேட்டார். அக்கா முடித்துவிட்டுப் போயிருக்கும் கடைசி நாவலில் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று. எடுக்கக் கூடாது. ஏன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது விளங்கும் என்று நம்புகிறேன்.

ரெஜினா அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில், அவர் எனக்கு அடுத்த வீடு. ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகளுக்கென்று நாவல் எழுதினார். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகூடக் கீழே வைக்காமல் படித்து முடிக்கிற மாதிரி இருக்கும். சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, சுற்றி வளைக்காத பேச்சு. எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் கவுண்டரைத்தான் சொல்வார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு வண்டி கிளம்பிட்டே இருக்கும் கோமு. ஒரே தடவையில புரியிற மாதிரி சொல்லணும்."

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது நவராத்திரிச் சுண்டலால். ஒரு வருடம் கொலுச் சுண்டல் கொடுக்கப் போனேன். அவர் சுண்டலை வாங்கிக்கொண்டு ஒரு தாளை என் கையில் கொடுத்து, "சத்தமா வாசி" என்றார். ஆறாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மீதியை நான் பொட்டலக் காகிதத்திலும் பஸ் போர்டிலும் கோயில் சுவரிலும் படித்துக்கொண்டவள். வாசித்தேன். பாதியில் ஒரு இடத்தில் நாக்கு தடுக்கியது. மன்னிப்புக் கேட்டேன். அக்கா பென்சிலை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டுத் தள்ளிவிட்டார்.

"ஐயோ, எனக்குத்தான் வரலக்கா."

"உனக்கு வரலேன்னா வரி சரியில்லைன்னு அர்த்தம். நாளைக்கும் வா. சுண்டல் இல்லாட்டியும் பரவாயில்ல."

அன்றிலிருந்து அவர் எழுதியதையெல்லாம் முதலில் நான்தான் வாசித்தேன். பென்சிலை என் கையிலேயே கொடுத்துவிட்டார். தடுக்கிய இடத்தில் நான் கோடு போடுவேன், அக்கா வேறு எழுதுவார். அவர் வேறு கடவுளை வணங்குகிறவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றி முடிக்கும்வரை வாசிப்பை ஆரம்பிக்க மாட்டார். "உங்க அம்மன் கோவிச்சுக்கப் போறா, போய் முடிச்சிட்டு வா" என்பார்.

அவருடைய நாவல்களில் அடிதடி நிறைய. பிள்ளைகளுக்குச் சண்டைதான் பிடிக்கும் என்பது ஒரு பக்கம். அடி என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர் என்பது இன்னொரு பக்கம். கல்யாணமான புதிதில் கணவர் அவருடைய இடது மணிக்கட்டை வாசற்படியில் வைத்து மிதித்து ஒடித்தார். அந்தக் கை கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை. ஒரு பெட்டியோடு வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை. இதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை, அழுது சொன்னதும் இல்லை.

சண்டைக் காட்சி எதையும் நடித்துப் பார்க்காமல் அவர் எழுத மாட்டார். நடிப்பது வீட்டு முன்னால் போர்டிகோவில். நான் ஒரு ஆள், அவர் ஒரு ஆள். தலையணை, துடைப்பம், சுருட்டிய துண்டு, இவைதான் ஆயுதம். "வாய மூடிட்டு அடி வாங்குவாங்களா யாராவது? கத்து கோமு, கத்து!" என்பார். நான் கத்துவேன். முதல் தடவை சீனிவாசன் சார் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். "ஏம்மா, என்னம்மா ஆச்சு, யாரு யாரை அடிக்கிறா?" என்று அவருக்கு மூச்சு வாங்கியது. அக்கா துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நாலாவது அத்தியாயம் சார். வில்லனுக்கு ஆள் தேவை, வர்றீங்களா?" என்றார். அதற்கப்புறம் தெருவே பழகிவிட்டது. போர்டிகோவில் அலறல் கேட்டால் சார் மாடியில் எட்டிப் பார்க்காமலேயே, "இன்னிக்கு யாரு ஜெயிச்சது அக்கா?" என்று குரல் கொடுப்பார். நாங்கள் சிரிப்போம்.

சனிக்கிழமைகளில் சேலையூர், செம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். எழுதிய அத்தியாயத்தை அவர்களிடம் வாசித்துக் காட்டுவோம். ஒரு பையன் கேட்டான், "மேடம், ஃபைட்டு எப்ப வரும்?"

"நீ இந்தப் பக்கத்தை வாசிச்சா அடுத்த பக்கத்துல வரும்டா."

"வில்லன் வெயிட்டா இருக்கணும் மேடம். போன புக்குல செம மொக்க வில்லன், ஒரே தட்டுல பூட்டான்."

"சரிடா ராசா, இந்த வாட்டி உன்னைப் பார்த்து எழுதறேன்." எல்லோரும் சிரித்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த அபி மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு வாசித்தது புது நாவலின் ஒன்பதாம் அத்தியாயம். கலா என்ற பெண்ணை அவளுடைய அப்பா அடிக்கிறார். அக்கா எழுதியிருந்தது இப்படி: "அப்பா பெல்ட்டைக் கழற்றினார். கலா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதல் அடி தோளில். வலிக்கு முன்னால் சத்தம் வந்தது. இரண்டாவது காதில். அம்மா அடுப்பைக் குறைத்தாள்." முதல் தடவை வாசித்தபோதே சொன்னேன், "சாமி கும்பிடுற வீட்டுல உட்கார்ந்து இதை வாசிக்க முடியலக்கா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க." பதிப்பகத்துத் தம்பியும் வந்து அதையே சொன்னார். பள்ளி நூலகங்களில் வாங்க யோசிப்பார்கள் என்றார். அக்கா எங்கள் இரண்டு பேரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அடி வாங்குற புள்ளைக்கு அடின்னா என்னன்னு ஏற்கெனவே தெரியும். அதுக்கு வெளிய ஒரு கதவு இருக்குன்னுதான் தெரியாது. அடியை எடுத்துட்டா கதவு எதுக்குன்னு அதுக்கு எப்படிப் புரியும்?"

பிள்ளைகள் போன பிறகு அபி நின்றாள். "மேடம், கலா அப்புறம் எங்க போவா?"

"நீயா இருந்தா எங்க போவ?"

"தெரியல."

அக்கா அவள் கழுத்தோரம் இருந்த கன்றிப்போன தடத்தைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. "இங்க வா. எந்நேரமானாலும் வா" என்றார்.

அவள் வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நான் ஏற்றிவிட்டு வாசிப்புக்காக அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. காலில் செருப்பில்லை, காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலர்வரை வழிந்திருந்தது. மாமா மகனுக்குக் கட்டிவைக்க வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள், படிப்பேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள், அண்ணன் அடித்திருக்கிறான். அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவன். அக்கா போலீசுக்குப் போன் செய்தார். பேசி முடிப்பதற்குள் தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம். "அண்ணன் வண்டி ஆன்ட்டி" என்றாள் அபி. அக்கா எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குள் தள்ளி, "க்ரில் கதவை உள்ள பூட்டிக்கோ கோமு. நான் சொல்ற வரைக்கும் திறக்காத" என்றார். அவர் போர்டிகோவில் நின்றார்.

அவன் கையில் ஜாக்கி ராடு, வண்டியைத் தூக்க உதவும் இரும்புக் கம்பி.

"ஏய் கெய்வி, அவள வெளிய அனுப்பு."

"உள்ள வராத தம்பி. போலீஸ் வந்துகிட்டிருக்கு."

"கண்ட கதைய எழுதிக் குடுத்துக் கெடுத்ததே நீதான்!"

"கதை எழுதுனது நான்தான். அதனால என்கிட்ட பேசு. அவகிட்ட போகாத."

முதல் அடியை அக்கா கையால் தடுத்தார். அதே இடது கை. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கத்தினேன். "ஐயோ அடிக்கிறான், யாராவது வாங்களேன்!" போர்டிகோவில் இத்தனை வருடம் எப்படிக் கத்தினேனோ அதே குரல், வேறு குரல் எனக்கு ஏது? மாடியிலிருந்து சீனிவாசன் சாரின் சிரிப்பு கேட்டது. "இன்னிக்கு யாரு ஜெயிச்சது அக்கா?"

இரண்டாவது அடி தலையில் விழுந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், விழவில்லை. அபி என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கப் பார்த்தாள். "நான் போயிடறேன் ஆன்ட்டி, அவங்கள வுடச் சொல்லுங்க" என்று என் தோளில் கடித்தாள். நான் விடவில்லை. மூன்றாவது அடிக்குத்தான் அக்கா விழுந்தார்.

எதிர்வீட்டில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த பாபுதான் முதலில் ஓடி வந்தவர். "டேய், இன்னாடா பண்ற! வுடுடா கம்பிய!" என்று தோளில் இருந்த முழு கேனையும் அவன் முழங்காலில் வீசினார். அவன் சாய்ந்தான். அப்புறம் தெரு முழுக்க வந்தது. அவனைச் சுவரோடு வைத்து அடித்தார்கள், செருப்பால், ஹெல்மெட்டால். முகம் தெரியாமல் போனது. கதவைத் திறந்துகொண்டு போய் அக்கா தலையை மடியில் எடுத்தேன். வாயில் ரத்தம் நிறைந்திருந்தது. "அவனைக் கொன்னுடப் போறாங்க. போய் முன்னால நில்லு" என்றார். போக மனசே இல்லை. ஆனாலும் போய் நின்றேன். எனக்கும் முதுகில் ஒன்று விழுந்தது. அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

சீனிவாசன் சார் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மேலிருந்து சிரித்ததை எழுதட்டுமா வேண்டாமா என்று இப்போது எழுத உட்காரும்போது அவரிடம் கேட்டேன். "எழுதுங்கம்மா. நான் கேட்டேன், கேட்டும் வரலை. அப்படியே எழுதுங்க" என்றார். தெருவில் யார் கேட்டிருந்தாலும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மருத்துவமனையில் இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் அக்காவுக்கு நினைவு வந்தது. முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், குழந்தைகள் நல அதிகாரிகள் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றேன். "முதல்ல வலிக்கல கோமு. சத்தம்தான் முதல்ல. நான் எழுதினது சரிதான்" என்றார். அப்புறம், "ஒன்பதுல கை வைக்க வேணாம்னு சொல்லு." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உறவினர் ஒருவர் என் காதுபடவே சொன்னார், "எழுதிவச்ச கதையே கதவத் தட்டிட்டு வந்திருச்சு." நான் கையிலிருந்த மண்ணைக் குழிக்குள் போட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். வந்தது கதை இல்லை ஐயா, ஒரு பெண். கதை இல்லையென்றாலும் அவள் காதில் ரத்தம் வந்துதான் இருக்கும். எங்கே ஓடுவது என்றுதான் தெரிந்திருக்காது.

நேற்றுச் சாயங்காலம் விளக்கேற்றியபின் ஒன்பதாம் அத்தியாயத்தை அபியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பழக்கம்போல் நான் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். "இரண்டாவது காதில்" என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். நான் பென்சிலைத் தாளில் வைத்தேன்.

"தடுக்கல ஆன்ட்டி" என்றாள். "மூச்சு வுட்டுக்கறேன். கோடு போட்டுடாதீங்க."

அப்புறம் வாசித்தாள். அம்மா அடுப்பைக் குறைத்த வரியை வாசித்தாள். கலா செருப்பில்லாமல் தெருவில் இறங்குவதை வாசித்தாள். முதல் வீடு திறக்கவில்லை, இரண்டாவது வீடு திறக்கவில்லை, மூன்றாவது வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது என்று அத்தியாயம் முடிகிறது. கடைசிவரை அவள் நாக்கு எங்கும் தடுக்கவில்லை. நான் பென்சிலைச் சாமி அலமாரியில் குங்குமச்சிமிழ் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அக்கா, போய் வாருங்கள். உங்கள் கர்த்தரிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், என் அம்மனிடம் நான் சொல்லிவிட்டேன். போர்டிகோ விளக்கைத் தினமும் நானே போடுகிறேன்.

பதிப்பகத்துத் தம்பி, நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். இனி உங்கள் பதில்தான் வேண்டும். ஒன்பதாம் அத்தியாயம் அக்கா எழுதியபடியே வருமா, வராதா? அபி தினமும் கேட்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்.