காலியாக இருந்த நான்கு மேசைகள்

யோகண்ணை போய்விட்டார் என்ற செய்தி, மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், டெப்பனர் என்கிற மூலைக்கடையில் நான் பால் வாங்கிக்கொண்டு நின்றபோது வந்தது. "பாவம், கடைசிவரைக்கும் கோப்பை கழுவின மனிசன்" என்றார் சொன்னவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அறிந்தவர்களுக்காகவும், அறியாமல் கதைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், பழைய வைன் பண்ணை ஒன்று உணவகமாகியிருந்தது. கல் வீடு, சுற்றிவரத் திராட்சை. தொண்ணூற்றிரண்டிலிருந்து நாங்கள் இருவரும் அதன் குசினியில் கோப்பை கழுவினோம். யாழ்ப்பாணத்தில் யோகண்ணை திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றினால் போதும். இங்கே உறைபனிக்கு முன் அடியை மண்ணால் மூட வேண்டும். ஓர் ஐப்பசியில் தோட்டத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட, முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். யோகண்ணை ஏப்ரனைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். "பிள்ளையளுக்குப் போர்த்துற மாதிரி, கழுத்துவரைக்கும் மூடோணும்" என்று எனக்கும் காட்டினார். ஒரு வாரம் முதுகு முறிந்தது. வசந்தத்தில் கொடிகள் துளிர்த்தன. ஊரிலிருந்து உன் மனைவி வந்ததும் இருவரும் முன் மண்டபத்தில் என் விருந்தாளிகளாகச் சாப்பிட வேண்டும் என்று யோகண்ணையிடம் சொன்னார் முதலாளி. அந்தப் பிரெஞ்சை மொழிபெயர்த்தவன் நான்.

இரண்டு வருடம் யோகண்ணைக்கு அதே கதைதான். "யன்னலோரமா இருத்தி, இது நான் மூடின கொடியெண்டு அவவுக்குக் காட்டோணும்."

அவர் மனைவி, எனக்கு அக்கா, வந்துசேர்ந்த பின் ஒரு ஞாயிறு மதியம் கோட்டும் சேலையுமாக முன்கதவால் நுழைந்தார்கள். நான்கு மேசைகள் காலி. முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, இடமில்லை, உள்ளே தட்டு வைத்துக் கொடு என்றார். நான் வாயை மூடிக்கொண்டாவது நின்றிருக்கலாம்.

"இடமில்லையாம் அண்ணை" என்றேன்.

அவர் காலி மேசைகளை ஒருமுறை பார்த்தார். "ஓம், பேந்து ஒருநாள் வாறம்" என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் வேலைக்கு வந்தார். அந்த ஐப்பசியிலும் மண் போட்டார். உங்களுக்கு விசரா என்று கத்தினேன். "கொடி என்ன பிழை செய்தது?" என்றார்.

நேற்று இறுதிச்சடங்கு மண்டபத்துக்கு முதலாளி பூவளையத்தோடு வந்து இடம் தேடினார். பாதிக் கதிரைகள் காலி. இடமில்லை என்றேன், பிரெஞ்சில். என்ன சொன்னீர்கள் என்று அக்கா கேட்க, சொன்னேன். பக்கத்துக் கதிரையிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கச் சொல்லுங்கோ, தம்பி."

அதையும் மொழிபெயர்த்தேன்.

யோகண்ணையின் பெருந்தன்மை அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. அண்ணை படாமல் போன கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பாதி அந்த முதலாளி மீது. மற்றப் பாதி, "இடமில்லையாம்" என்று சொன்ன இந்த வாய் மீது.