ஆள் வருமுன் சொல்லிவிடுகிற தோட்டம்

சிரம்பானில் ஒரு கல்லூரியில், சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளுக்குக் களப்பயிற்சி இடம் பிடித்துக் கொடுப்பது என் வேலை. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கூட இத்தனை வாசல் ஏறி இறங்கமாட்டார். முதியோர் இல்லத்தில் கேட்டால், "அனுப்புங்க, ஆனா மங்கு, பாத்திரம் கழுவணும்" என்பார்கள். மறுவாழ்வு இல்லத்தில் ஆண்பிள்ளைதான் வேண்டும் என்பார்கள். சம்பளமில்லாமல் உழைக்க வருகிற பிள்ளைக்கு இவ்வளவு பிகு!

எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். ஊர்ப்பிள்ளையை அந்த ஊருக்கே அனுப்பக்கூடாது. கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவி விஷயத்தில் அது உடைந்தது. கல்லூரிப் பக்கம் பாரோயில் தோழிகளோடு இருந்த வாடகை வீட்டை அவள் காலி செய்துவிட்டாள். தோட்டத்து வீட்டிலிருந்த ஒரே மோட்டார் சைக்கிளை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பஸ்ஸை நம்பினால் மதியத்துக்குத்தான் சிரம்பான் வந்து சேரலாம். அவர்கள் தோட்டத்திலேயே, முன்பு வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை விட்டுவைத்த பழைய ஆயாக் கொட்டகையைச் சுத்தம் பண்ணி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு தொண்டு அமைப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது.

"அங்கேயே போடுங்க, நடந்து போய்டும்லா. என்ன பிரச்சினை?" என்றார் எங்கள் துறைத் தலைவர். நான் முடியாது என்று சண்டை போட்டேன். அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

பிள்ளை கெட்டிக்காரி. இரண்டாவது மாதம் ஒருநாள் மதியம் வீட்டிலிருந்து போன் பண்ணினாள்.

"மேடம், வகுப்புக்கு வர்ற சின்னப் புள்ள ஒண்ணு, ஸ்கூல்ல ரெண்டாம் ஆண்டு படிக்குது. எங்க வரிசை வீட்டு லயத்துலதான் இருக்கு. முதுகு பூரா சூடு வச்ச தழும்பு மேடம். இத்தன நாளு வாயே தெறக்கல. இன்னிக்குத்தான் சொல்லுச்சு. அது அம்மாகூட இருக்கிற ஆளுதான்."

அமைப்பு அன்றைக்கே புகார் கொடுத்தது. மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்து குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. சாயங்காலம் நானே மாணவிக்குப் போன் பண்ணி விவரம் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில ஆபீஸ்காரங்களா? சரி மேடம், யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றாள்.

அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடு பலகைச் சுவர் வீடு. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அவள் அம்மாவின் காதில், மதியம் பேசியது, சாயங்காலம் பேசியது எல்லாம் விழுந்திருக்கிறது.

அந்த அம்மா கெட்டவரில்லை. அதுதான் கொடுமை. தோட்டத்தில், வெளியாள் வருகிறான் என்றால் முன்கூட்டியே அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிடுவது மரியாதை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம் என்பார்கள். துரையின் கார் முடுக்கில் திரும்பும்போதே கடைசி வீடு வரைக்கும் செய்தி போய்விடுமாம். வாசலைக் கூட்டி, குடித்துக் கிடப்பவனைப் பின்கட்டுக்கு இழுத்துப் போட்டுவிடுவார்களாம். இன்றைக்குப் போலீஸ் வந்தாலும் கொசு மருந்து அடிக்கிறவன் வந்தாலும் அதே கதைதான். சொல்லாமல் இருந்துவிட்டால், "பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலியே" என்று சாகும்வரை குத்திக்காட்டுவார்கள். அந்த அம்மா அன்றிரவே குழந்தையின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்: "காலையில ஆபீஸ்காரங்க வராங்களாம். வீட்டக் கூட்டி, புள்ளயக் குளிப்பாட்டி வையி."

அதிகாரிகள் போனபோது வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் லோரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. பள்ளியில் விசாரித்தார்கள், அங்கும் தெரியவில்லை. அந்த ஆளின் போன் அடைத்துக் கிடந்தது. அவனுக்கு எந்த ஊர் என்பதுகூடத் தோட்டத்தில் யாருக்கும் நிச்சயமில்லை. ஒருவர் ஜொகூர் என்றார், இன்னொருவர் பகாங் என்றார். போலீசில் புகார் கொடுத்தாயிற்று. தேடுவதாகச் சொன்னார்கள்.

நான் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஆயாக் கொட்டகையில் மாணவி கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லல மேடம், சத்தியமா சொல்லல."

"தெரியும்மா. எந்திரி, உங்க வீட்டுக்குப் போவோம்."

செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்து போகும்போது, அந்த அம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். சண்டாளி, உன் வாய் சும்மா இருக்காதா என்று கேட்க வேண்டும். அவர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அழுது ஓய்ந்த முகம்.

"இப்படி ஓடிப்போவாங்கன்னு நெனைக்கல டீச்சர். புள்ளய இனிமேலாவது ஒழுங்கா வச்சிக்கட்டும்னுதான் சொன்னேன். காலையில பாத்தா லோரி நிக்குது. அந்தப் புள்ள கொஞ்சங்கூட அழல. எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பச்சப்புள்ளய வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது? சோறு கட்டிக் குடுத்தேன்."

மாணவி உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"எங்க போறாங்கன்னு கேட்டியாம்மா?"

அந்த அம்மா மகளை விநோதமாகப் பார்த்தார்.

"கெளம்பி நிக்கிறவங்கள எங்க போறீங்கன்னு கேக்கலாமா? போற காரியம் வெளங்காம போயிடும்ல."