ஆற்றங்கரைப் புத்தருக்கு வாய் உண்டா

வெள்ளாற்றங்கரையில் ஒரு காலத்தில் பௌத்தக் கோயில் இருந்த இடத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். இடம் என்று இன்று மிஞ்சியிருப்பது நாலு வரிசைப் பழைய செங்கல், பின்னால் யாரோ போட்ட ஒரு தகரக் கொட்டகை, அதனடியில் இடுப்பளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு புத்தர். ஊர்க்காரர்களுக்கு அவர் ஆத்து முனி. கட்டுரையின் முடிவில், 'வெள்ளமும் வெயிலும் அழிக்க முடியாத அந்த மெல்லிய புன்னகை' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. போயிருந்த அன்று விரற்கடை கனத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தார்கள். புத்தர் என்றால் உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாலு புத்தகம் படித்தவனுக்கு வரும் வியாதி இது.

கட்டுரை வெளிவந்த பத்தாம் நாள் ஆவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தபால் அட்டை போட்டார். 'ஐயா, அந்தச் சிலையில் மூக்குக்குக் கீழே ஒன்றும் கிடையாது. தாங்கள் கண்டது எந்தப் புன்னகை?' அட்டை என்பதால் தபால்காரரும் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். என் மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.

இப்போது கட்டுரைகள் புத்தகமாகின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புன்னகை இருக்கட்டுமா, எடுக்கட்டுமா என்று பார்த்துச் சொல்ல எனக்கு வியாழக்கிழமை மட்டும்தான் பாக்கி. இலுப்பூரில் ஏறி, இரண்டு பஸ் மாறி, சீமைக்கருவேல முள்ளுக்குள் நடந்து, சட்டையை இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் அதிகமில்லை.

புத்தரின் தலை முழுவதும், உச்சியிலிருந்து கழுத்துவரை, ஒரு நாலுமுழ வேட்டியால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தார். எதிரே இரண்டு பெண்கள் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இந்தத் துணியக் கொஞ்சம் அவுத்துப் பாத்துட்டு மறுபடி கட்டிடட்டுமா? ஒரு நிமிசம்தான்."

"அவுக்கக் கூடாதுங்க சார்" என்றார் மூத்தவர். "நேந்துக்கிட்டு நான் கட்டுனது. வேண்டுனது நடந்தாத்தான் அவுக்கணும். அதுவரைக்கும் முனிக்கு மூச்சு முட்டணும். முட்டுனாத்தான் வேலை பாப்பாரு."

"என்ன வேண்டியிருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு குவைத்து விசா வரணும்."

"கட்டி எத்தன நாளாச்சு?"

"நாலு மாசம்."

கூட இருந்தவர் அவருடைய நாத்தனார். "எங்கண்ணன் நாலு மாசமா வீட்டுல இருக்காரு சார். இவளுக்கு மூச்சு முட்டுது. அதான் முனிக்கும் முட்டட்டும்னு கட்டிவிட்டுட்டா" என்றார்.

"நீதான் ஒங்கண்ணனக் கூட்டிட்டுப் போயி ஒரு வாரம் வச்சுக்கயேன். மூணு வேளையும் கொழம்புல உப்புப் பத்தலேம்பாரு, கேட்டுக்கிட்டே இரு."

மணி பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. பொறுமை போய், இவர் முனி இல்லை, புத்தர், ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்று சொன்னவர், இவரிடம் போய் விசா கேட்கலாமா என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மூத்தவர் கடைசிவரை கேட்டார்.

"அவ்வளவு பெரிய மனுசருன்னா துணியப் போத்துனதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாருல்ல. அவரே பேசாம இருக்காரு, நீங்க ஏன் சார் தவிக்கிறீங்க?"

விசா எப்போது வரும் என்று மட்டும் கேட்டேன். அது முனிக்குத்தான் தெரியும் என்றார் நாத்தனார். வேறு வழியில்லாமல், புன்னகை, அட்டை, அச்சு எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்பித்தேன்.

"வாய் இருக்கா இல்லையான்னுதானே பாக்கணும்?" என்றார் மூத்தவர். "உள்ள கைய விட்டுத் தடவிப் பாத்துக்கங்க. அவுக்கத்தான் கூடாது. தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, கழுத்துப் பக்கமாகத் துணிக்குள் கையை நுழைத்தேன். எண்ணெயும் பழைய சந்தனமும் விரலில் பிசுபிசுத்தன. காது நீளமாக, நன்றாக இருந்தது. மூக்கு பாதி இருந்தது. அதற்குக் கீழே விரலை இறக்கினேன். சொரசொரவென்று ஒரு குழி. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, இரண்டு முறை, மூன்று முறை தடவினேன். உதடு என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை.

"இருக்குங்களா?" என்றார் நாத்தனார்.

"இல்லீங்க."

பதிப்பாசிரியருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். புன்னகையை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"சார், அந்த வரியத்தான் பின்னட்டைல பெருசாப் போட்டிருக்கோம். எடுத்தா அந்த எடம் வெறிச்சுன்னு ஆயிடும். இப்பவே வேற வரி சொல்லுங்க. அதே நீளம் இருக்கணும்."

காலத்தின் மௌனம் என்று ஆரம்பித்தேன். கல்லின் கருணை என்று மாற்றினேன். இரண்டுமே நான் பார்க்காதவை. பெண்கள் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் இன்னும் சந்தனம் ஒட்டியிருந்தது.

"எழுதிக்குங்க" என்றேன். "'முகத்தை நான் பார்க்கவில்லை. தடவிப் பார்த்தேன். வாய் இல்லை.'"

"இதப் படிச்சுட்டு யாரு சார் வாங்குவா?"

"அப்படியே போடுங்க."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, நீளம் சரியாக வருகிறது என்றார்.