பாலை மரத்து ஆணி

அது வள்ளத்துக்கு அடிக்கிற ஆணி. சாண் நீளம் இருக்கும். கடலில் கிடக்கவேண்டிய அந்த ஆணி, கடல் வாடையே எட்டாத காட்டுக்குள், ஒரு பாலை மரத்தில் ஏறியிருந்தது. என் கணவரின் தகப்பன் ஏதோ ஒரு திருவிழாவின்போது, லாம்பு விளக்கைக் கொளுவித் தொங்கவிடுவதற்காக அதை அறைந்தாராம். நான் கலியாணம் முடித்துத் தீவிலுள்ள தோட்டவெளிக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆணி இருந்தது. ஒவ்வொரு ஆவணியும் உழவு மெசினின் இழுவைப் பெட்டியிலிருந்து இறங்கியதும் மாமி, என் கணவரின் தாய், முதலில் அந்த மரத்தடிக்குப் போய் ஆணியைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "கிடக்குது" என்பார். அதற்குப் பிறகுதான் சாமான் இறக்கலாம்.

தீவுக்காரரான எங்களுக்கு மரம் என்றால் பனை. அதன் கீழே ஓர் ஆள் ஒதுங்குகிற நிழலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, பெருநிலத்துக் காட்டுக்குள் இருக்கும் மாதா கோவில் திருவிழாவுக்குப் போவதென்றால் எங்கள் ஆட்களுக்கு அப்படி ஓர் அவசரம். கொட்டில் போடக் கிடுகு, தடி, படங்கு, சட்டி பானை, கருவாடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்கு ஒரு கிழமை முன்னரே போய்விடுவோம். போனவுடன் இடம் பிடிக்கிற சண்டை தொடங்கும். கோவிலை ஒட்டினாற்போல மடங்களும், பெரிய வெளியும், தண்ணீர்க் குழாயும் உண்டு. பெரும்பாலானவர்கள் அங்கேயே நெருக்கியடித்துக் கிடப்பார்கள். என் மாமிக்கு அது கண்ணிலும் காட்டக்கூடாது. "அது சந்தை. சந்தைக்க ஆரும் படுப்பினமோ?" என்று கேட்டுவிட்டு, நேரே காட்டுக்குள் நடப்பார்.

இடம் தெரிவுசெய்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் மேலே பார்ப்பார். பட்ட கொப்பு இருக்கிறதா, முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று. பிறகு ஒரு பிடி மண்ணை ஊதிவிட்டு, சோளகக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அடுப்புப் புகை யார் முகத்தில் விழும் என்று கணக்குப் பார்ப்பார். கடைசியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெறும் நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார். செபமாலையில் பத்து மணி உருட்டி முடியும்வரை அப்படியே கிடப்பார். வேர் குத்தினால் எழும்பி ஒரு முழம் தள்ளிப் படுத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் யாரோ வருத்தம் வந்து விழுந்து கிடக்கிறார் என்று நினைத்து நின்று பார்ப்பார்கள். எனக்கு வெட்கத்தில் மூஞ்சி எரியும். என் கணவருக்கோ அது பெரிய பகிடி. "அம்மா, சுவாமியார் வாறார், எழும்புங்கோ" என்பார். மாமி கண்ணைத் திறக்காமலேயே, "வரட்டும், அவருக்கும் இடம் பாத்து வைக்கிறன்" என்பார்.

ஒவ்வொரு வருடமும் அதே மரத்தடிதானே, பிறகு எதற்கு இந்தப் படுத்தெழும்பல் என்று ஒருமுறை கேட்டேன். "போன வருசத்து இடம் இந்த வருசமும் அப்பிடியே கிடக்கும் எண்டு ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?" என்றார். நல்ல பேச்சுத்தான். அதைச் சொன்னவரே பிறகு அதை மறந்துபோனார்.

எங்கள் மரம் நின்றது ஒரு குளத்தின் ஓரத்தில். குளம் என்று ஊர்க்காரர் சொல்லித்தான் தெரியும். ஆவணியில் நாங்கள் பார்த்ததெல்லாம் தூரத்தில் கொஞ்சம் சேறும், சேற்றில் நிற்கிற கொக்கும்தான். மரத்தடி மட்டும் பாய் விரித்தாற்போல ஒரே மட்டமாக, பொடிப்புல்லோடு இருக்கும். காட்டில் அப்படி ஒரு சமதரை ஏன் வந்தது என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. வேறு மாதத்தில் அந்த இடத்தை நாங்கள் கண்டதும் இல்லை.

சண்டை மூண்ட வருடம் நாங்கள் ஐப்பசியில் போனோம், திருவிழாவுக்கு அல்ல. என் கணவர் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியாரோடு முசலிக் கரைக்கு வாடிக்குப் போயிருந்தார். கரையில் கொட்டில் போட்டுத் தங்கி, பருவம் முடியும்வரை தொழில் செய்துவிட்டு வருவதுதான் வழமை. அவர் போன கொஞ்ச நாளில் தீவில் செல் குண்டுகள் விழத் தொடங்கின. ஊரே எழும்பி ஓடியது. நானும் மாமியும், இடுப்பில் என் மகளுமாக யாரோ ஒருவருடைய வள்ளத்தில் ஏறிப் பெருநிலத்துக்கு வந்து சேர்ந்தோம். அவருக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. முசலிப் பக்கமும் கலைந்துவிட்டது என்று வழியில் கேள்விப்பட்டோம். எல்லோரும் மாதா கோவிலுக்குத்தான் போனார்கள். நாங்களும் போனோம்.

கோவில் மடங்களில் சனம் நிறைந்து வழிந்தது. வாசலில் மேசை போட்டுக் குடும்பம் குடும்பமாகப் பதிந்துகொண்டிருந்தார்கள். நான் வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் மாமியைக் காணவில்லை. தலையில் மூட்டையும் கையில் லாம்புமாகக் காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"மாமி, இது திருவிழா இல்லை. மழை வரப்போகுது. மடத்துக்க ஒரு மூலை கேப்பம்."

"நீ சொல்லு பிள்ளை," என்றார் அவர், நடையை நிறுத்தாமல். "தம்பி எங்களைத் தேடி வந்தா எங்க வருவான்? இந்தச் சனத்துக்க பூந்து ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பானோ? எங்கட மரத்தடிக்குத்தான் வருவான். பிறந்த நாள் தொட்டு அவனுக்கு இந்தக் காட்டில தெரிஞ்ச இடம் அது ஒண்டுதான்."

மகனைத் தம்பி என்றுதான் மாமி கூப்பிடுவார். எனக்கும் என் மனிதர் வரவேண்டும். மாமியை விட எனக்குத்தான் வரவேண்டும் என்றுகூட அப்போது நினைத்தேன். மாமிக்குப் பின்னால் நடந்தேன்.

மாமி ஆணியைத் தொட்டார். "கிடக்குது" என்றார். பிறகு வழமைபோலப் படுத்தார். தூறல் முகத்தில் விழ விழ, கண்ணை மூடிக்கொண்டு பத்து மணியும் உருட்டினார். நிலம் இளகியிருந்தது. "மெத்தை மாதிரிக் கிடக்குது பிள்ளை, மாதா தந்த இடம்" என்று எழும்பினார். படங்கை இழுத்துக் கட்டினோம். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, பாப்பாமோட்டை ஊர்க்காரர் ஒருவர் மாடு தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். "அக்கா, இதில கொட்டில் போடாதேங்கோ. இது குளத்து அலைகரை. மாரியில தண்ணி இதுக்கு மேலயும் ஏறும்" என்றார். மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கலியாணம் முடிச்ச நாள் தொட்டு இதிலதான் தம்பி படுத்து எழும்புறன். ஒரு சொட்டுத் தண்ணி கண்டதில்லை" என்றார். மனிதர் என்னைப் பார்த்தார். நான் படங்குக் கயிற்றை இறுக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மழை பிடித்தது. ஒரு விடியலில் எழும்பிப் பார்த்தால், முதல் நாள் புல் இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. சத்தமில்லை, அலையில்லை, அது பாட்டுக்கு வந்து நின்றது. நான் பாய்ந்து மகளைத் தூக்கினேன். மாமி மட்டும் அசையவில்லை. ஒரு தடியை எடுத்துத் தண்ணீர் விளிம்பில் குத்தினார். எங்கள் கரையில் அப்படித்தான் குத்தி, கடல் பெருக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். "பெருக்குத்தானே. பின்னேரம் வத்திப்போகும்" என்றார்.

இதைச் சொன்னால் வயல்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிறந்ததிலிருந்து வந்த தண்ணீர் திரும்பிப் போவதைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். வந்து அப்படியே நின்றுவிடுகிற தண்ணீரை எங்களுக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் மத்தியானம்வரை அந்தத் தடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடி மெல்ல மெல்லக் கட்டையாகியது. அடுப்புக்கல் மறைந்தது. அரிசிப் பையைத் தூக்கிக் கொப்பில் கட்டினோம். மகள் தண்ணீரைக் கையால் அடித்து விளையாடினாள். ஒரு தரம் வழுக்கி முகம் குப்புற விழுந்தாள். தூக்கி எடுத்தபோது கொஞ்ச நேரம் மூச்சு வரவில்லை. அவள் வீரிட்டு அழுத அந்தச் சத்தத்தோடு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் போறன் மாமி. நீங்கள் வாறதெண்டா வாங்கோ, இல்லாட்டி இருங்கோ."

"தம்பி வந்தா?"

"வந்தா, பிள்ளை எங்க எண்டு கேப்பார். அப்ப என்ன சொல்லப்போறீங்கள்?"

அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை அவருக்குச் சொன்னதில்லை. மாமி முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் லாம்பில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் ஊற்றினார். பட்டப்பகலில் திரியைக் கொளுத்தி, ஆணியில் கொளுவினார். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அடிபடுகிற காலம் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. "எரிஞ்சுகொண்டிருந்தா ஆக்கள் கிட்டத்தான் இருக்கினம் எண்டு விளங்கிக்கொள்ளுவான்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினார். மடத்து விறாந்தையில் எங்களுக்கு ஒரு பாய் அகல இடம் கிடைத்தது. அங்கே அவர் படுத்துப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து இருந்தபடியே அந்த மாரியைக் கழித்தார்.

என் கணவர் வரவில்லை. மழை விட்டு, தையில் தண்ணீர் இறங்கியபின் நாங்கள் மரத்தடிக்குப் போனோம். படங்குத் தடிகள் சேற்றில் சரிந்து கிடந்தன. ஆணி இருந்தது. லாம்பு இல்லை.

மாமி சிரித்தார். அந்த மாரி முழுவதும் சிரிக்காத மனுசி வாய்விட்டுச் சிரித்தார். "வந்திட்டுப் போயிருக்கிறான் பிள்ளை. லாம்பைக் கழட்டிக்கொண்டு போயிருக்கிறான்."

"ஆரும் எடுத்திருப்பினம் மாமி. லாம்பு கிடைக்கிற காலமே இது?"

"கள்ளனுக்கு நெஞ்சளவு தண்ணிக்க இறங்க என்ன விசர் பிடிச்சிருக்கோ?"

தண்ணீர் வற்றிய பிறகு எடுத்திருக்கலாம் என்று சொன்னேன். கயிறு அறுந்து குளத்துக்குள் விழுந்திருக்கலாம் என்றும் சொன்னேன். கயிறா, கம்பிக் காது போட்ட லாம்புக்கு எங்கே கயிறு என்று கேட்டார். இந்த வழக்கு அன்றைக்குத் தொடங்கியது. மாமி கண் மூடும்வரை முடியவில்லை. ஊருக்குத் திரும்பி, வீட்டைக் கட்டி, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நான் தையல் மெசின் மிதித்துக் குடும்பம் நடத்திய காலமெல்லாம், குசினிக்குள் மீன் வெட்டும்போதும் அதே கதைதான். எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசல்களில் நின்று அவரைப் பற்றி விசாரித்தேன். வாடியில் இருந்தவர்கள் திக்குத் திக்காக ஓடினார்கள் என்பதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய ஆத்துமத்துக்கு ஒரு பூசை சொல்லுவிப்போம் என்று ஒருமுறை வாய் திறந்தேன். மாமி மீன் செதிலோடு கையை உயர்த்தி, "லாம்பு எடுத்தவனுக்குப் பூசையோ?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சை விட்டேன்.

மாமிக்கு அந்த லாம்பு ஆறுதல். எனக்கு என்ன என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. என் கணவர் வந்தார் என்றால், தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து எங்களைக் காணாமல் திரும்பிப் போனார் என்றுதானே அர்த்தம்? நான் அவசரப்பட்டதால் அவர் எங்களைத் தவறவிட்டார் என்று ஆகிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அதனால்தான் கள்ளன் எடுத்தான், கள்ளன்தான் எடுத்தான் என்று மாமியோடு மல்லுக்கு நின்றேன். எங்கள் இருவருக்கும் ஒரே மனிதர்மேல்தான் ஆசை. ஆனால் ஒருவருடைய நம்பிக்கையில் மற்றவரால் மூச்சுவிட முடியவில்லை.

சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு ஒவ்வொரு ஆவணியும் மாமி மரத்தடிக்குப் போனார். முழங்கால் மடக்க முடியாத வயதிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இறங்கி, படுத்து, பத்து மணி சொன்னார். எழுப்புவது என் வேலை. கடைசித் தடவை எழும்ப மாட்டேன் என்று கொஞ்ச நேரம் அடம்பிடித்தார். "நல்ல இடம் பிள்ளை, கொஞ்சம் பொறு" என்றார். அடுத்த வருடத் திருவிழாவுக்கு அவர் இல்லை.

இந்த முறை மகள் தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டாள். கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை. காற்றாடி, கட்டில், குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. "அம்மா, நிலத்தில படுத்தா உங்களுக்கு இடுப்பு நாரி பிடிக்கும்" என்றாள். உண்மைதான், பிடிக்கும். பின்னேரம் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனேன்.

அங்கே ஒரு குடும்பம் நீலப் படங்கு கட்டியிருந்தது. பேசாலை ஆட்கள். இளம் பிள்ளை ஒருத்தி குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். நான் மரத்தைச் சுற்றி வந்தேன். முதலில் ஆணியைக் காணவில்லை. தடவித் தடவிப் பார்த்தபோது விரலில் தட்டுப்பட்டது. பட்டை வளர்ந்து மூடி, தலை மட்டும் ஒரு சல்லிக்காசு அளவில் தெரிந்தது. இனி அதில் ஒன்றையும் கொளுவ முடியாது. "கிடக்குது" என்று என் வாய் சொன்னது.

அந்தப் பிள்ளை எழும்பி வந்தாள். "அன்ரி, இது உங்கட இடமோ? எங்களுக்குத் தெரியாது. வேணுமெண்டா நாங்கள் தள்ளிப் போறம்."

"இல்லை மகள், இருங்கோ. ஆவணியில இது நல்ல இடம். மாரியில மட்டும் இருக்கப்படாது."

இரண்டு எட்டு நடந்திருப்பேன். திரும்பி வந்தேன்.

"மகள், ஆரும் ஒரு ஆள் இந்த மரத்தடியைத் தேடி வந்தா, தோட்டவெளி ஆக்கள் மடத்துப் பக்கம் இருக்கினம் எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"ஓம் அன்ரி. ஆர் வருவினம்?"

அவருக்கு இப்போது என்ன வயது இருக்கும், தலை நரைத்திருக்குமா, பார்த்தால் அடையாளம் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை சோற்றுக் கையோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"கையில ஒரு பழைய லாம்பு வைச்சிருப்பார்" என்றேன்.