வட்டக்கோட்டையில ராஜா சிரிச்ச நாள்

நான் நடிச்ச மொத படத்துக்கு நாலு பக்கம் வசனம் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். அது ஊமைப்படம்னு தெரியாம இல்ல. எங்க ஊரு கோட்டாத்துல கூடாரம் போட்டு ஓட்டுனப்ப எத்தனையோ பாத்திருக்கேன். படத்துல வாய் மட்டும் அசையும். திரைக்குப் பக்கத்துல ஒருத்தரு தகரக் குழலை வாயில வச்சுக்கிட்டு கதை சொல்லுவாரு. அப்படியும் உருப்போட்டேன். நல்லா அழுத்திச் சொன்னா கொஞ்சமாவது கேக்கும்னு ஒரு நெனப்பு. டைரக்டர் மின்னால நின்னு, கழுத்து நரம்பு பொடைக்க, நாலு பக்கத்தையும் ஒப்பிச்சேன். அவரு கடைசி வரைக்கும் கேட்டாரு. பெறகு, "நீ ஆத்துல விழணும். அவ்வளவுதான் உன் வேஷம்"னாரு.

விழுந்தேன். அதுக்குப் பெறகு அஞ்சாறு வருசம் விழுந்துக்கிட்டேதான் இருந்தேன். ஆத்துல, சாணிக்குழியில, கழுதை மேலருந்து, ஒருதரம் நெசமாவே மாடியிலருந்து. இடுப்பு இன்னைக்கும் மழைக்கு மின்னாலயே எனக்குத் தகவல் சொல்லும்.

நான் விழுந்துக்கிட்டு இருந்த மெட்ராஸ் படக் கம்பெனியில நம்ம பக்கத்து ஆளு இன்னொருத்தனும் இருந்தான். மார்த்தாண்டத்துக்காரன். மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவன், வேதக்கோயில்ல பாட்டுப் பாடுனவன். நல்ல ஒசரம், அகலமான நெஞ்சு. அதனால அவன் எப்பவும் ராஜா, நான் எப்பவும் ராஜாவுக்குப் பின்னால தடுக்கி விழுற கோமாளி. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா மெட்ராஸ்காரங்களுக்கு ஒரு எழவும் புரியாது. "பேசறீங்களா, பாடறீங்களா?"ன்னு கேப்பாங்க. அவங்களை மின்னால வச்சுக்கிட்டே அவங்களைத் திட்டுறதுக்கு எங்களுக்கு அது ரொம்ப வசதியா இருந்துச்சு.

ஒரு வருசம் கம்பெனி வட்டக்கோட்டையில படம் பிடிக்க வந்தது. கல்லுக் கோட்டை, பக்கத்துல கடலு, தனியா செட்டு போட வேண்டாம். கோட்டையையும் மகனையும் பறிகொடுத்த ராஜா, கடைசியில எல்லாத்தையும் திரும்பப் பிடிச்சுட்டு மதில் மேல நின்னு சிரிக்கான். அதுதான் கதை.

வந்து எறங்குன அன்னைக்கே மார்த்தாண்டத்துக்காரன் டைரக்டர்ட்ட போனான். அவனுக்க அம்மைக்கு மூச்சு இளைப்பு முத்திப்போய்க் கெடந்தது. ஒருநாள் விட்டா பஸ்ல போய்ப் பாத்துட்டு வந்திருவேன்னு கேட்டான். "நீ போயிட்டா நான் யாரை வச்சு எடுக்கறது? நாலு நாள் பொறு"ன்னாரு டைரக்டர். அன்னைக்கெல்லாம் வெளக்கு கெடையாது, சூரியன்தான் வெளக்கு. வெள்ளித்தாள் ஒட்டுன பலகையைப் பிடிச்சு வெயிலை மூஞ்சியில திருப்பி விடுவாங்க. வெயில் போச்சுன்னா அன்னைக்குப் பொழப்பு போச்சு.

"நாலு நாளுதானே மக்கா, அம்மை இருப்பா"ன்னேன் நான்.

"இருப்பாளா?"ன்னு கேட்டான். என்னமோ நான் வைத்தியன் மாதிரி.

மூணாம் நாள் ராஜா அழுற காட்சி. அவனுக்கு அழுகை வரல்ல. ஈருள்ளியை நறுக்கிக் கண்ணுக்கிட்ட பிடிச்சாங்க. கண்ணு செவந்துச்சு, மூக்கு ஒழுகுச்சு, கண்ணீரு மட்டும் இல்ல. வெயில் எறங்கிக்கிட்டு இருக்கு.

ஊமைப்படத்துல ஒரு வழக்கம் உண்டு. சத்தம் பதியாதுங்கதுனால, காமிராவைச் சுத்தும்போதே பக்கத்துல நின்னு என்ன வேணும்னாலும் பேசலாம். இந்தப் பக்கம் பாரு, பல்லைக் கடின்னு டைரக்டர் கத்திக்கிட்டே இருப்பாரு. சண்டைக்காட்சியில ஆளுக்கு ரோசம் வரணும்னு அவன் தாயி தகப்பனையெல்லாம் இழுத்துத் திட்டுவாங்க. அதுக்குப் பேரு தொழிலு.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டாரு. "உங்க ஊரு பாஷையில ஏதாவது சொல்லி அழ வைய்யா."

எனக்கு அன்னைக்கு வேஷம் கெடையாது. வேட்டி சட்டையில, சாதாரண மனுசனா, காமிராவுக்குப் பக்கத்துல போய் நின்னேன். என்ன சொல்லணும்னு யோசிக்கக்கூட இல்ல. வாயில அதுதான் வந்துச்சு.

"மக்கா, காலையில ஒனக்க வீட்டுலருந்து ஆளு வந்தது. ஒங்கிட்ட மறைச்சிட்டாங்க. அம்மை போயிட்டா."

அவன் என்னைப் பாத்தான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கு அந்த அளவுக்கு நடிப்பு வரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"உள்ளதா, நெசமா?"ன்னான்.

"உள்ளதுதான் மக்கா."

ஆறடி ஆளு அப்படியே மண்ணுல முட்டிபோட்டு ஒக்காந்துட்டான். காமிராக்காரன் சுத்திக்கிட்டே இருக்கான். டைரக்டர் இன்னும், இன்னும்னு எனக்குக் கை காட்டுறாரு. நான் நிறுத்தியிருக்கலாம். அக்காதான் குளிப்பாட்டுனாளாம், ஒன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாளாம், பெட்டிக்கு அளவெடுத்தாச்சாம்னு ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன். ஒவ்வொண்ணுக்கும் அவன் ஒரு மாதிரி அழுதான். வாயைத் தொறந்து, எச்சில் வடிய, ராஜாவும் இல்லாம ஒண்ணும் இல்லாம அழுதான். பிலிம் தீர்ந்து காமிரா நின்ன பெறகுதான் நான் நிறுத்துனேன்.

"சும்மா சொன்னேன் மக்கா. அம்மைக்கு ஒண்ணும் இல்ல."

எல்லாரும் கைதட்டுனாங்க. டைரக்டர் அவனை விட்டுட்டு என் முதுகைத் தட்டுனாரு. அவன் எந்திரிச்சு மதில் ஓரமா போய் வாந்தியெடுத்தான். திரும்பி வந்து, "இனி எங்கிட்ட வாயைத் தொறக்காதே"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் அதையும் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

மறுநாள்தான் சிரிக்கிற காட்சி. அது முடிஞ்சதும் என் மூஞ்சியை மட்டும் பெருசாப் பிடிக்கதா டைரக்டர் சொல்லியிருந்தாரு. இத்தனை வருசத்துல திரை முழுக்க என் மூஞ்சி வந்ததில்ல. என் முதுகைப் பாத்திருக்காங்க, காலைப் பாத்திருக்காங்க. காலையிலேயே வேஷத்தைப் போட்டு ஒக்காந்துட்டேன். மூஞ்சி பூரா வெள்ளை, ஒரு கண்ணைச் சுத்திக் கரிவட்டம், வயித்துல தலகாணி.

மதியத்துக்கு மேல, பீடி குடிக்க வாசல் பக்கம் போனேன். கூட்டத்தை உள்ள விடாம இருக்க அங்க ஒரு காவக்காரன். அவன்கிட்ட ஒரு ஆளு மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கான். யாருன்னு பாத்தா, ராஜாவுக்க அக்கா மாப்பிள்ளை.

"ஓய், நீராவது சொல்லும். அத்தைக்கு மூச்சு இழுத்துக்கிட்டு கெடக்கு. இப்ப பொறப்பட்டா பாத்திருலாம்."

"இங்கேயே நில்லும், கூட்டிட்டு வாறேன்"னுட்டு ஓடுனேன். அது வரைக்கும் நான் யோக்கியன்தான்.

அவன் கிரீடம் வச்சு மதில் மேல நின்னுக்கிட்டு இருந்தான். காமிரா சுத்த ஆரம்பிச்சாச்சு. நான் கீழ நின்னு, தலகாணியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே, மூச்சு வாங்கக் கத்துனேன்.

"மக்கா, வீட்டுலருந்து ஆளு வந்திருக்கு. அம்மைக்கு முடியல்ல. ஒடனே பொறப்படு."

அவன் குனிஞ்சு என்னைப் பாத்தான். வெள்ளை மூஞ்சி, கரிவட்டம், வயிறு.

"ஏலே, இன்னைக்கு நான் சிரிக்கணும்லே. நேத்து உள்ள சோலியை இன்னைக்குப் பாத்துக்கிட்டு நிக்கியா?"

சொல்லிட்டுச் சிரிச்சான். இடுப்புல கைய வச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு, கிரீடம் ஆட ஆடச் சிரிச்சான். "அதான், அதான்! சுத்து, சுத்து!"ன்னு டைரக்டர் குதிக்காரு.

அப்ப நான் ஏணியில ஏறிப்போய் அவன் கையப் பிடிச்சிருக்கலாம். அக்கா மாப்பிள்ளையை உள்ள கூப்பிட்டிருக்கலாம். டைரக்டர் என் பக்கம் திரும்பி, "அடுத்தது உன் மூஞ்சிதான். வேர்வையில கரி வழியுது பார், போய்ச் சரி பண்ணு"ன்னாரு. வெயிலைப் பாத்தேன். ராஜாவுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு காட்சி பாக்கி; அவன் போயிட்டா எல்லாத்தையும் மூட்டை கட்டிருவாங்க. என் காட்சி முடியட்டும், அரைமணி நேரந்தானேன்னு போய்க் கரியைச் சரி பண்ணுனேன். வாசலுக்கு, இதோ வந்துருவான்னு சொல்லியனுப்புனேன். அரைமணி ரெண்டு மணி ஆச்சு. மேகம் வந்து வந்து போச்சு.

எல்லாம் முடிஞ்சு அவன் தாடியைப் பிச்சுக்கிட்டே வெளிய வந்தான். பனமரத்து மூட்டுல அக்கா மாப்பிள்ளை குத்தவச்சு இருந்தாரு. அவன் அவரைப் பாத்தான், பெறகு என்னைப் பாத்தான். ராஜா உடுப்போடயே ரோட்டுக்கு ஓடுனான்.

அவன் போய்ச் சேந்தப்ப அம்மையைப் பெட்டிக்குள்ள வச்சாச்சு. நாலு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தாளாம். அதுக்குப் பெறகு அவன் கம்பெனிக்குத் திரும்பி வரல்ல.

படம் கோட்டாத்துக்கு வந்துச்சு. ராஜா அழுதப்ப கூடாரத்துல பொம்பளைங்க மூக்கைச் சிந்துனாங்க. சிரிச்சப்ப தரையில இருந்தவன் நாற்காலியில இருந்தவன் எல்லாம் சேந்து விசிலடிச்சான். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கலாட்டா. குழல் வச்சவரு, "பாருங்கள், வெற்றிச் சிரிப்பு!"ன்னாரு. நான் என் மூஞ்சிக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். படம் முடிஞ்சுது. மூஞ்சி வரல்ல. நீளம் அதிகமாப் போச்சுன்னு வெட்டிட்டாங்களாம்.

கொஞ்ச நாள்ல பேசும்படம் வந்துச்சு. டெஸ்டுல நான் ரெண்டு வரி பேசுனேன், சத்தம் பிடிக்கவன் காதுல இருந்ததைக் கழட்டி வச்சிட்டான். ஊருக்கு வந்து ஜவுளிக்கடையில துணி கிழிக்க ஆரம்பிச்சேன்.

அப்பதான் அந்தப் பழைய படத்தைத் திரும்ப ஓட்டுனாங்க. எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. கூடாரக்காரன்ட்ட ரெண்டு நாற்காலி பாஸ் வாங்கிட்டு மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறுனேன். அவன் எவ்வளவு பெரிய நடிகன்னு அவனே பாக்கல்லியே, பாத்தா மனசு ஆறுமேன்னு. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

சந்தையில கொப்பரை எடை போட்டுக்கிட்டு நின்னான். தலை பாதி நரைச்சாச்சு. பாஸை நீட்டுனேன். வாங்கிப் பாத்தான், திருப்பித் தந்தான். நானா ஆரம்பிச்சேன். "மக்கா, அன்னைக்கு நான் சொல்லத்தான் செஞ்சேன். நீதான் நம்பல்ல."

தட்டுல இருந்த கொப்பரையைச் சாக்குல கொட்டிட்டு அவன் சொன்னான்:

"நான் சிரிச்சதுக்குப் பெறகு ரெண்டாம் தடவ நீ சொல்லல்ல. ஒனக்கு அப்ப வெயில் வேண்டியிருந்துச்சு."