ஓர்ப்படிக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் விருது

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் கூட்டுக்குடும்பமாக இருந்தோம். என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓர்ப்படி, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பள்ளிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவள்தான் முன்வந்தாள். நானோ உயர்நிலை இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள்.

கம்ப்யூட்டர்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். அதனால் அட்டையில் கீபோர்டு போல எழுத்துக் கட்டங்களை வரைந்து கொடுத்து, முறை வரும்வரை அதில் தட்டிப் பழகச் சொல்வாளாம். அந்த அட்டைகளை அவள் வெட்டியது எங்கள் சாப்பாட்டு மேசையில். கறிச்சட்டியை வைக்க நான் இடம் தேடுவேன். "இதோ முடிஞ்சிரும்கா" என்பாள். முடியாது.

கம்ப்யூட்டர் பாடத்தைச் சிறப்பாகக் கற்பித்ததற்காக அவளுக்கு ஒரு விருது அறிவித்தார்கள். மாமியார் தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரிடம்கூடச் சொன்னார்.

"டிவில வருமா?" என்று மீன்காரர் கேட்டார்.

"வராம? சின்ன மருமகளாச்சே!"

பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற பெரிய மருமகள் நான். வயிறு எரிந்தது. அன்று பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவள் வேறென்ன செய்வாள்?

விழாவன்று தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். "மாத்திரையப் போட்டுட்டுக் கெளம்பு லா" என்று மாமியார் இழுத்துக்கொண்டு போனார்.

அவள் விருது வாங்கியபோது நானும் கைதட்டினேன். நினைத்த அளவுக்கு எரியவில்லை. அடுத்து அவளுடைய மாணவி ஒருத்தி மேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இரட்டைச் சடை, வெள்ளைக் காலணி. ஏதோ தட்டினாள். திரையில் ஒரு நட்சத்திரம் கோடு கோடாக விரிந்தது. அவள் சிரித்தாள். அப்போது எரிந்தது பாருங்கள்! அந்தப் பிள்ளையை எழுப்பிவிட்டு நான் அங்கே உட்கார வேண்டும் போல இருந்தது. விருது வாங்கியவளைவிட, அவளிடம் படித்த பிள்ளையைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை.

கேட்க வாய் வரவில்லை. ஒரு வாரம் அடுப்படியில் அவளையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் அதச் சொல்லித் தருவியா?" என்றேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்குத்தானா அக்கா இவ்வளவு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? மேசைய அடைச்சு வச்ச கோவம்னுல நெனச்சேன்!"

அந்தச் சனிக்கிழமை அவளோடு பள்ளிக்குப் போய், பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். விசையைத் தொடாமல் விரலை மேலேயே வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த பிள்ளை, "தட்டுங்க ஆண்டி, அது உடையாது லா" என்றது. என் பெயரைத் தட்டினேன். திரையில் வந்தது.

அதற்குப் பிறகு பொறாமையே வரவில்லை என்று சொன்னால் பொய். வரும்போதெல்லாம், யாரைப் பார்த்து வந்ததோ அவர்கள்மேல் கோபப்படுவதற்கு முன் எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறேன். பல நேரம் அது வாய்விட்டுக் கேட்டாலே கிடைக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது.