கழிக்க மறந்த ஓர் அங்குலம்

நீங்கள் தினமும் வேலைக்கு நுழைகிற கட்டிடத்தின் வாசல் எத்தனை அங்குல அகலம்? சொல்லுங்கள் பார்க்கலாம். தெரியாது, இல்லையா? தெரிந்துகொள்ள வேண்டிய நிலை உங்களுக்கு வந்ததில்லை. உடம்பு நுழைந்தது, நீங்களும் நுழைந்தீர்கள். கையில் ஊன்றுகோலோ, காலுக்குப் பதில் சக்கரமோ, தள்ளிக்கொண்டு போக இரண்டு குழந்தைகளோ இருப்பவர்களுக்குத்தான் வாசலுக்கு அகலம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியும்.

சீருடைகள் தைக்கும் பட்டறையில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளை 'அங்குலம்' என்றே கூப்பிட்டார்கள். எதைப் பார்த்தாலும் அளக்காமல் அவளால் இருக்க முடியாது. அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்புக்கு முதல் அங்குலம் கிடையாது. பட்டறையில் எல்லா டேப்புக்கும் அப்படித்தான்: முனைத் தகடு கழன்று, நுனி நைந்து, எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். முதலாளியம்மா புதிது வாங்கித் தந்ததில்லை. அதனால் அங்கே எதை அளந்தாலும் வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துச் சொல்வது மூச்சு விடுவதைப்போலப் பழக்கமாகிவிட்டது. பழக்கம் பேச்சிலும் ஏறிவிட்டது. யாராவது கொஞ்சம் அளந்து விட்டால் போதும், நாலு மெஷினிலிருந்தும் ஒரே குரல் வரும்: "ஒண்ணு கழிச்சுக்கோ!"

அங்குலத்துக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு இரண்டரை வயது. அவள் செய்யும் சேட்டைக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். சின்னவனுக்கு ஆறு மாதம். அவன் உருவத்துக்கு 'உருண்டை.' வாலு பிறந்தபோது அங்குலம் வேலைக்குத் திரும்ப ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. ஆறு வருடம் உட்கார்ந்து தைத்த ஜன்னலோர மெஷின் அந்த ஒரு வாரத்தில் வேறு ஒருத்திக்குப் போனது. நூல் வெட்டும் பலகையில் பத்து மாதம் நின்று, கால் வீங்கி, மறுபடி அந்த மெஷினைப் பிடித்தாள். பிள்ளை பெற்றது குற்றமா என்று அவள் கேட்கத்தான் செய்தாள். "குத்தம்னு யாரு சொன்னா? நீ வரல, மெஷின் சும்மா இருக்குமா?" என்றார் முதலாளியம்மா. இப்போது இரண்டாவது விடுப்பும் முடிகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் நூல் வெட்டும் பலகை.

இதில் ஒரே ஒரு சிக்கல். கணவன் ரொட்டி வேன் ஓட்டுகிறான். விடியும் முன் போனால் மதியம்தான் வருவான். குழந்தைகள் காப்பகம் இருபத்தைந்து நிமிட நடை. வாலு பத்து நிமிடம் நடப்பாள், அப்புறம் நடைபாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இடுப்பில் உருண்டை, தோளில் பை. ஆக, இரண்டு பேரும் உட்காரும் தள்ளுவண்டி ஒன்று வேண்டும்.

"தள்ளுவண்டியா? காய்கறி விக்கப் போறியா?" என்றான் கணவன். இருவரும் ஒரே பட்டறையில் பழகிச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் 'நீ'தான்.

"ஆமா. முதல்ல உன்னைத்தான் வெச்சு விக்கணும். யாரு வாங்குவாங்கன்னுதான் தெரியல."

எதிர்வீட்டு அக்கா வேறு பயமுறுத்தினாள். "ரெண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில வெச்சுத் தள்ளாத. ஊர்க்கண்ணு பட்டுடும்."

"படட்டும்கா. பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்துல ரெண்டு கையும் இருக்குமில்ல? மேடு வந்தா ஒரு கை புடிச்சுத் தூக்கிவிடச் சொல்லு."

வியாழக்கிழமை கணவன் வேலை முடிந்து வரும் வழியில் காப்பகத்து வாசலை அளந்து வந்தான். அவள் தன் டேப்பையே கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளங்கையில் பேனாவால் '30' என்று எழுதியிருந்தது. அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "கழிச்சுட்டியா?"

உருண்டைக்கு மசித்த வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்த அவன், "ம்ம்ம்..." என்றான்.

அவளுக்கு அது பதில். அவனுக்கு அது உருண்டையின் வாயைத் திறக்க வைக்கும் வித்தை. டேப்புக்காரியே கழித்துக்கொள்வாள் என்று அவன் நினைத்தான். அவன் கழித்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். ஒரு 'ம்ம்' எவ்வளவு பெரிய பள்ளம் வெட்டும் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது.

சனிக்கிழமை நால்வரும் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். "மேடம், முதல்ல கலர் பார்த்துடலாமா?" என்றார்.

"கலரை நீங்க பாருங்க. நான் அகலத்தைப் பார்க்கிறேன்."

இரண்டு விதம் இருந்தது. ஒன்றில் இருக்கைகள் முன்னும் பின்னுமாக, ரயில் பெட்டி மாதிரி. ஒல்லியான வண்டி, எந்தச் சந்திலும் நுழையும். மற்றதில் இருக்கைகள் பக்கம் பக்கமாக. அகலமான வண்டி, ஆனால் கைப்பிடியை ஒரு கையால் தள்ளினாலும் நேராக ஓடியது.

முதலில் ஒல்லி வண்டி. வாலுவை முன்னால் உட்கார வைத்து, உருண்டையைப் பின்னால் வைத்தார்கள். உருண்டையின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் சாம்பல் நிறத் துணி. அவன் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வீறிட்டு அழுதான்.

"பின்னாடி இருக்கிற குழந்தை தூங்கிடும் மேடம். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களைப் பஸ்ல கடைசி சீட்ல, முன்னாடி ஒரு சாக்கு மூட்டையை வெச்சு உட்காரச் சொன்னா தூங்குவீங்களா?"

"அப்போ பாப்பாவை முன்னாடி மாத்திடலாம், பெரிய பொண்ணைப் பின்னாடி..."

வாலுவை மாற்றி உட்கார வைத்தார்கள். அவள் முன்னிருக்கையின் முதுகில் இரண்டு காலையும் ஊன்றி உதைத்தாள். வண்டி மூக்கு குப்புறச் சாய்ந்தது. கணவன் ஓடி வந்து பிடித்தான்.

"எப்படி வெச்சாலும் ஒருத்தருக்கு உலகம், இன்னொருத்தருக்கு முதுகு," என்றாள் அங்குலம். "எல்லா இடத்துலயும் இதேதான் நடக்குது. நம்ம வண்டியிலயாவது வேண்டாம்."

பிறகு அகல வண்டி. அவள் அதைத் துணி வாங்குவதுபோல வாங்கினாள். இருக்கையைத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். வார் சேரும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று நகத்தால் நெருடினாள். பிரேக்கைப் போட்டுவிட்டு இடுப்பால் இடித்தாள். அசையவில்லை. கடை வாசல் படியில் ஏற்றி இறக்கினாள். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் வாலு தம்பியின் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கினாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். இருவரும் சிரித்தார்கள்.

கடைசியில் கழுத்திலிருந்து டேப்பை உருவிப் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே வைத்தாள். முப்பதரை என்று காட்டியது. யோசிக்கக்கூட இல்லை, கை தானாகக் கழித்தது. "இருபத்தொம்பதரை. வாசல் முப்பது. அரை அங்குலம் இடம் இருக்கு. போதும்."

"காட்சிக்கு வெச்சது மேடம், எடுத்துட்டா திருப்பி வாங்க மாட்டோம்," என்றார் விற்பனையாளர்.

"நான் அளந்துட்டா திரும்பி வர மாட்டேன்," என்றாள் அவள்.

இரண்டு அளவிலுமே கழிக்காமல் விட்டிருந்தாலும் தப்பித்திருப்பார்கள். ஒன்றில் கழித்து, ஒன்றில் விட்டதுதான் வினை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் காப்பகத்து வாசலில் வண்டி 'டக்' என்று நின்றது. அவள் பின்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி தள்ளினாள். டக். இடது சக்கரம் நிலையில் இடித்தது. வலது சக்கரம், இரட்டைக் கதவில் சாத்தியே கிடந்த மறுகதவில் இடித்தது. டேப்பை எடுத்து அளந்தாள். முப்பது. கழித்தாள். இருபத்தொன்பது. அப்போதுதான் அந்த 'ம்ம்ம்' அவள் காதில் முழுசாக விழுந்தது.

"அடப்பாவி மனுஷா," என்றாள், அந்நேரம் எங்கோ ரொட்டி இறக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து.

கட்டிடக் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "வண்டியை வெளிய விடக் கூடாதும்மா. நடைபாதையில இருந்தா தூக்கிட்டுப் போயிடுவாங்க. மடிச்சு உள்ள எடுத்துட்டுப் போங்க."

"ஒரு கையில ஒருத்தன், இன்னொரு கையில ஒருத்தி. எந்தக் கையால மடிக்கிறது? இல்ல, இவங்களையும் சேர்த்து மடிச்சிடவா?"

"எல்லாரும் எப்படியோ போறாங்கம்மா."

"இந்தப் பக்கக் கதவைத் திறந்தா நானும் போயிடுவேன்."

காவலாளி அந்த மறுகதவை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "அது திறக்கிற கதவு இல்லையேம்மா."

"திறக்காததுக்கு எதுக்குக் கீல், எதுக்குத் தாழ்ப்பாள்? சுவருன்னு பேர் வெச்சிருக்கலாமே?"

"நான் வந்து பதினோரு வருஷமாச்சு. யாரும் திறந்ததில்ல."

"திறக்கக் கூடாதுன்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மேலிடத்துல எழுதிக் கேக்கணும்."

"எந்த மேலிடம்?"

அவர் விரல் தானாக மேலே உயர்ந்தது. "மேல மாடி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "மேல மாடி காலிதான்."

யாரும் இல்லாத மாடிக்குப் பயந்து, யாரும் போடாத உத்தரவுக்குப் பதினோரு வருடம் கீழ்ப்படிந்திருக்கிறது ஒரு கட்டிடம். காவலாளி கெட்டவர் அல்லர். அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படி விட்டுப் போனார், அவரும் அப்படியே வைத்திருந்தார். அநியாயத்துக்கு எப்போதும் கொம்பு முளைத்த ஆள் தேவைப்படுவதில்லை. 'எப்பவும் இப்படித்தான்' என்று சொல்ல ஒரு வாய் இருந்தால் போதும்.

சுவர்க் கடிகாரம் எட்டேகால் காட்டியது. பட்டறைக்குப் பதினைந்து நிமிட நடை. அங்குலம் குனிந்து கதவைப் பார்த்தாள். கீழே ஒரு தாழ், மேலே ஒரு தாழ். பூட்டு எதுவும் இல்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்கில் பெயிண்ட் மேல் பெயிண்டாகப் படிந்து, இரண்டையும் சேர்த்துத் தைத்ததுபோல இருந்தது.

தைத்தது என்றால் பிரிக்க வேண்டியதுதானே. வேலைக்குப் போகும் பையில் தையல் பிரிக்கும் சின்னக் கத்தி இருந்தது, மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பி இருந்தது. வண்டிக்குப் பிரேக் போட்டாள். தவறாகத் தைத்த சட்டைக் கையைப் பிரிப்பதுபோல, இடுக்கில் கத்தியை விட்டு மேலிருந்து கீழாக இழுத்தாள். பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்தது. வாலு கைதட்டினாள். கீழ்த்தாழில் எண்ணெய் விட்டு ஆட்டினாள். முனகிக்கொண்டு அசைந்தது. மேல்தாழ் எட்டவில்லை.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "நகருங்கம்மா, நான் பார்க்கிறேன்."

காப்பகத்துப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொண்டுவரும் சலவைக்காரர். நல்ல உயரம். அவரது சக்கர வண்டியில் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"உங்க வண்டி எப்படி உள்ள போகும்?" என்று கேட்டாள்.

"எங்க போகும்? ஏழு வருஷமா இங்கேயே நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையா தோள்ல தூக்கிட்டுப் போறேன்."

"திறக்கச் சொல்லிக் கேக்கலையா?"

சலவைக்காரர் எண்ணெயை வாங்கி மேல்தாழில் விட்டார். "சத்தியமா சொல்றேன், அது கதவுன்னே எனக்குத் தோணல," என்றார்.

மேல்தாழ் மூன்றாவது இழுப்பில் இறங்கியது. காவலாளி என்ன நினைத்தாரோ, ஓடி வந்து தோள் கொடுத்தார். கதவு தரையைக் கீறிக்கொண்டு திறந்தது. நடைக்கூடத்தில் அதுவரை பகலிலும் விளக்கு எரியும். இப்போது கடைசி வரைக்கும் வெயில் போய் விழுந்தது. வண்டி உள்ளே போனது, இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் இடம் விட்டு. உருண்டை எதற்கென்று தெரியாமல் உரக்கச் சிரித்தான். அதன் பின்னால் ஏழு வருடத்தில் முதல்முறையாகச் சலவை வண்டியும் போனது.

"பதினோரு வருஷம் இதைப் பார்த்துட்டே இருந்திருக்கேன்," என்றார் காவலாளி, கொஞ்சம் வெட்கத்தோடு.

"ஒண்ணு கழிச்சுக்கோங்க," என்றாள் அங்குலம். "இன்னைக்குத் திறந்துட்டீங்கல்ல."

எட்டு ஐம்பத்தாறுக்கு அவள் ஜன்னலோர மெஷினில் உட்கார்ந்திருந்தாள். முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து வைத்தார். மதியம் கணவன் போன் செய்தான்.

"வண்டி நுழைஞ்சுதா?"

"ம்ம்ம்," என்றாள் அவள். மீதியை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை கதவு மறுபடி தாழிட்டுக் கிடந்தது. மாலையில் துப்புரவுக்கு வந்தவர் பழக்கதோஷத்தில் சாத்திக் கீழ்த்தாழை மட்டும் போட்டுவிட்டாராம். அவள் திறந்தாள். புதன்கிழமையும் திறந்தாள். வியாழக்கிழமை அவள் போவதற்குள் காவலாளி இரண்டு கதவையும் விரியத் திறந்து, காற்றில் அடிக்காமல் இருக்கச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். அன்றைக்குச் சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா, பேரனைத் தானே கொண்டுவந்து விட்டார். அதுவரை அவர் தெருவோரத்திலேயே இருந்தபடி கையசைப்பாராம்.

நாளைக் காலை நீங்கள் நுழைகிற வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அலுவலகமோ, பள்ளிக்கூடமோ, நூலகமோ, எதுவானாலும் சரி. ஒரு கதவு திறந்து, மறுகதவு தாழிட்டுக் கிடக்கும். யார் உத்தரவு என்று கேளுங்கள், எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். காலி மாடியைக் கை காட்டினால் காத்திருக்காதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், தாழை இறக்குங்கள், திறந்துவிட்டு உள்ளே போங்கள். மறுநாள் சாத்தியிருந்தால் மறுபடியும் திறந்துவிடுங்கள்.